கடைக்குட்டிக் குளத்துக் கோரை

மழை பெய்தால் நான் முதலில் ஜன்னலைத் திறந்து ரோட்டோரக் கானைத்தான் பார்ப்பேன். கான் என்பது எங்கள் மலைநாட்டுப் பேச்சில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதில் தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கொழும்பில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா ஆரம்பத்தில் பயந்துதான் போனார். நனைந்தபடி வாசலில் நின்று சாக்கடையை முறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? இப்போது பழகிவிட்டார். மழை தொடங்கினால் அவரே குடையை எடுத்து நீட்டுகிறார்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது தலவாக்கலைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்த கல்குவாரியில். அங்கே நான் தொழில்நுட்ப உதவியாளர். பதவியின் பெயர்தான் பெரிது. குவாரியிலிருந்து மழைத்தண்ணீரோடு இறங்கும் மண்ணையும் கல்தூளையும் கீழே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் என் வேலை. அதற்காக மூன்று குளங்கள் வெட்டினோம். அந்தக் குளங்களை நான் நேசித்த மாதிரி வேறு எந்த வேலையையும் நேசித்ததில்லை. சேற்றுக் குளத்தின் மேல் ஒருத்திக்கு இத்தனை ஆசையா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குவாரிக்கு நேர் கீழே தோட்டத்தின் கீழ்ப் பிரிவு லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நான் பிறந்து வளர்ந்தது அதில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவில். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அக்கா. அவள் கொழுந்து பறித்தாள், நான் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் டெக்னிக்கல் கொலேஜில் படித்தேன். லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே பீலிதான். மலையிடுக்கில் ஊறும் தண்ணீரை ஒரு குழாயில் வாங்கி, கல் பாவிய இடத்தில் விழவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. குடிக்கப் பிடிப்பது, குளிப்பது, துணி துவைப்பது, சண்டை பிடிப்பது, பிறகு சமாதானமாவது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

குவாரியில் பாறைக்கு மேலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்த வருசம், அடைமழை தொடங்கியதும் பீலியில் செம்மண் தண்ணீர் விழுந்தது. பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியை அந்தத் தண்ணீரில் முக்கி, பிழியாமலே குவாரி முதலாளியின் மேசையில் போட்டாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம், முதலாளிக்குப் பின்னால் நின்றேன். அக்கா அந்தப் பக்கம் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்னொரு முறை பீலி கலங்கினால் லொறி போகும் ரோட்டை மறிப்போம் என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். ரோட்டை மறித்தால் குவாரியை மூட வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழ் லயத்து ஆண்களில் பாதிப் பேருக்குக் குவாரியில்தான் வேலை. அக்காவின் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். மச்சான் என்று நான் கூப்பிடுவேன். தோட்டத்தில் கான் வெட்டிக்கொண்டிருந்தவர், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு வாய்த்தகராறாகித் தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். திரும்பிப் போனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேரைக் கூப்பிட அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

அன்று சாயந்தரம் அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"எனக்குத் தண்ணியும் வேணும், இவரு வேலையும் வேணும். ரெண்டுல ஒன்ன விட்டுக்குடுன்னு யாரும் எங்கிட்ட வரப்புடாது. நீ படிச்சவ. என்னமாச்சும் செய்யி."

மச்சான் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி சிங்களவர், கினிகத்தேனைப் பக்கத்து ஆள், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் வந்தால் யார் தோளிலாவது ஏறி நிற்பவர், அவ்வளவுதான். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். நீ படித்தது இதைத்தானே நங்கி, இந்தச் சேற்றை நிறுத்தித் தா என்று மறுநாளே சொல்லிவிட்டார்.

நான் படித்தது உண்மைதான். ஆனால் எங்கிருந்து படித்தேன் என்று கேட்டால் சிரிப்பு வரும். கொலேஜ் நூலகத்தில் இருந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டல் தங்கும் குளங்களை எப்படி அமைப்பது என்று ஓர் அத்தியாயம் இருந்தது. எங்கள் மலையில் நிலக்கரிக்கு எங்கே போவது? கரி என்றால் எங்களுக்கு அடுப்பில் மிஞ்சுவதுதான். ஆனால் சுரங்கமானாலும் குவாரியானாலும் மேல்மண்ணைத் தோலுரித்த மலை மழைக்கு ஒரே மாதிரித்தான் அழுகிறது. ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமக்கும், நிற்கிற தண்ணீர் இறக்கிவைக்கும். அந்த அத்தியாயம் முழுவதும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னது.

ஒரு ஜாம் போத்தலில் குவாரித் தண்ணீரைப் பிடித்துக் குலுக்கி ஆபிஸ் ஜன்னலில் வைத்தேன். மணல் உடனே இறங்கிவிட்டது. செம்மண், பால் விடாத தேநீரான சாயத்தண்ணியை ஒரு கோப்பை குடித்து முடிக்கும் நேரத்தில் இறங்கியது. கல்தூள்தான் பிடிவாதக்காரி. மறுநாளும் தண்ணீரில் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை இறக்கத் தண்ணீர் மெதுவாக நடக்க வேண்டும், நீளமாக நடக்க வேண்டும். அதற்கு அகலமான தட்டை நிலம் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. புத்தகம் எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. எங்கள் ஊரில் தட்டையாக இருப்பது ரொட்டி மட்டும்தான் என்று மச்சான் சொன்னார்.

கடைசியில் கிடைத்தது பழைய தவறணை. தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையை அப்படித்தான் சொல்வோம். குவாரிக்கும் லயத்துக்கும் நடுவில், படிபடியாக வெட்டிய மூன்று தளங்கள், பல வருசமாகச் சும்மா கிடந்தன. தோட்டத்தை நடத்தும் தொரை அதை விட்டுக்கொடுத்தார். பீலி கலங்கினால் நாளைக்கு அவர் வாசலுக்கும் குடங்கள் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வேலைக்கு மச்சானையும், அவரோடு தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய இன்னும் சிலரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலே காட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீரை முதலில் குவாரிக்குள் விடாமல் சுற்றி அனுப்பினோம். பிறகு குளங்கள். முதலாவது சின்னது, ஆழமானது. மணலும் சல்லியும் அதிலேயே விழ வேண்டும். இரண்டாவது நீளமானது, தண்ணீர் ஒரு மூலையில் நுழைந்து எதிர்மூலைக்கு நடந்து போய்த்தான் வெளியேற வேண்டும். மூன்றாவது ஆழமில்லாமல் பரந்தது. அதில் ஓடைக்கரையிலிருந்து கோரைப்புல்லைக் கொத்துக்கொத்தாகப் பெயர்த்து வந்து நட்டோம். பிடிவாதக்காரியான கல்தூளைக் கடைசியில் கோரைதான் பிடிக்கும். ஒவ்வொரு கரையிலும், பெருமழைக்குக் கரை உடையாமல் இருக்க, கல் பதித்த ஒரு தாழ்வான வாய் வைத்தோம்.

ஆட்கள் குளங்களுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மூத்தவ, நடுவுள்ளவ, கடைக்குட்டி. மூத்தவளுக்குச் சாப்பாடு அதிகம், அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். நடுவுள்ளவள் அமைதி, அவளால் ஒரு தொல்லையும் இல்லை. கடைக்குட்டிக்குத் தலைமுடி அதிகம். என் வரைபடத்தில் எழுதியிருந்த பெயர்களை நானே மறந்துபோனேன். முதலாளிகூட, மூத்தவள் நிறைந்துவிட்டாளா என்று அரைகுறைத் தமிழில் கேட்பார்.

அடுத்த மழைக்கு பீலி கலங்கவில்லை. அன்று நான் லயத்துக்குப் போனபோது அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டச்சம்பல் வைத்தாள். எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு வந்த வருசங்களைத்தான் நான் இந்தக் கொழும்பு வெக்கையில் உட்கார்ந்து நினைத்து நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன். காலையில் பனி விலகாத நேரத்தில் குளத்துக்குப் போவேன். ஒவ்வொரு குளத்திலும் கோடு போட்ட ஒரு கம்பு நட்டிருந்தோம். மண் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வழிக்க வேண்டும். கம்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குட்டியின் கரையில் கொஞ்ச நேரம் நிற்பேன். மூத்தவளுக்குள் காவி நிறத்தில் நுழையும் தண்ணீர் கடைக்குட்டியை விட்டு இறங்கும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். தினமும் பார்த்தும் அது எனக்கு அலுக்கவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையிலிருந்து கொழுந்து வாடும் வாசம் வரும். கீழே தலவாக்கலைப் பக்கம் ரயில் கூவும். கோரைக்குள் தவளைகள் குடியேறின, தவளைக்காக ஒரு வெள்ளைக் கொக்கு வந்தது. கொக்குக்கும் சம்பளப் பட்டியலில் பேர் போடச் சொல்லி மச்சான் முதலாளியிடம் கேட்டார்.

மச்சான் என்னை விட்டுவைக்கவே மாட்டார். கொழுந்தியாளைக் கேலி செய்யாத மச்சான் எங்கே இருக்கிறார்? என்னை என்ஜினியரம்மா என்பார். நான் சேற்றில் வழுக்கி விழுந்த அன்று, என்ஜினியரம்மா ஆழம் அளக்கிறாங்க, யாரும் கிட்டப் போகாதீங்க என்று கத்தினார். நோட்டன் பிரிட்ஜிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளை என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு, அக்கா யோசித்து யோசித்து, குளம் பார்க்கிறாள் என்றாள். அவர்கள் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. மச்சான் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் மம்பட்டிகூட ஒளிந்துகொள்ளும் என்பார்கள். முதல்முறை மூத்தவளை வழித்த அன்று வந்த கோபம் அப்படி. தோட்டத்தில் கானை வழித்தால் அந்த மண்ணை மேல்பக்கத்துத் தேயிலைத் தூரில்தான் போடுவார்கள், அது அங்கிருந்து இறங்கிய மண் என்பதால். நல்ல பழக்கம். கை பழகியபடி, இவர்களும் குளத்துச் சேற்றை அள்ளிக் குளத்துக்கு மேலேயே அழகாகக் குவித்துவைத்தார்கள். மத்தியானம் ஒரு தூறல். குவித்தது முழுக்க வந்த வழியே குளத்துக்குள் திரும்பிவிட்டது. நான் போட்ட கூச்சலில் கொக்கு பறந்தது. மச்சான் இடுப்பில் கைவைத்து நின்று, மண்ணுக்கு நம்மள விட மனசில்ல புள்ள என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோபத்தைக் காப்பாற்ற நான் படாத பாடுபட்டேன்.

அது சின்னப் பிழை, சிரித்து முடிந்தது. இன்னொன்று அப்படி முடியவில்லை.

குவாரியின் அனுமதியைப் புதுப்பிக்கச் சுற்றாடல் அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. குளங்களைப் பார்ப்பார், பீலித் தண்ணீரையும் போத்தலில் எடுப்பார். தண்ணீர் நன்றாக இருந்தால் குவாரி ஓடும், இல்லாவிட்டால் மூட வேண்டும். குளங்கள் நல்ல நிலையில் இருந்ததால் எனக்குப் பயமில்லை. அதனால்தான் அதற்கு முன்தினம் கந்தப்பளையில் ஒரு சிநேகிதியின் கலியாணத்துக்குத் துணிந்து போனேன். புறப்படும்போது மச்சானிடம், நாளைக்கு ஆபிசர் வாறாரு, எல்லாம் ஒழுங்கா இருக்கட்டும் என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் என்ன செய்யும் என்று வெளியாருக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து பெரிய தொரை பார்க்க வருகிறார் என்றால், அதற்கு முந்திய நாள் தோட்டமே தலைகீழாகும். கானில் ஒரு புல் இருக்கக் கூடாது. ஓரத்தை மம்பட்டியால் வழித்துச் செம்மண் பளபளவென்று தெரிய வேண்டும். ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. புல் முளைத்த கானைத் தொரை பார்த்துவிட்டால் அந்தக் கான்காரனுக்கு அதைவிட அவமானம் இல்லை. மச்சானின் அப்பா, தாத்தா எல்லோரும் அப்படித்தான் வழித்தார்கள்.

காலையில் நான் பஸ்ஸை விட்டிறங்கி ஏறி வந்தேன். மூன்று குளங்களின் கரைகளும் புல்லில்லாமல் சிவந்து கிடந்தன. கல் வாய்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. கடைக்குட்டியில் ஒரு கோரைகூட இல்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்த பிள்ளை மாதிரி வெறித்துக் கிடந்தாள். பிடுங்கிய கோரை ஓரமாக, அதையும் அழகாக அடுக்கியிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வரை நின்று செய்திருக்கிறார்கள். மச்சான் குளித்து, கழுவின சட்டை போட்டு நின்றார்.

"பாரு புள்ள. எந்தத் தொரை வந்தாலும் ஒரு குத்தம் சொல்ல ஏலாது."

எனக்குக் கூச்சல்கூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அழுகைதான் வந்தது. கோரை இல்லாமல் கல்தூள் நிற்காது, வழித்த கரையும் மழையில் கரைந்து சேறாக இறங்கும் என்று மெதுவாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. அவர் வானத்தைப் பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது.

மழை அதிகாரிக்கு முன்னே வந்து சேர்ந்தது. மூத்தவள் காவியாகப் பொங்கினாள், நடுவுள்ளவள் நிறைந்தாள், வெள்ளைச் சேறு கடைக்குட்டியை நோக்கி வர ஆரம்பித்தது. பிடுங்கிய கோரையைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கல்லைத் தூக்கி மேலே வைத்து, வெளியேறும் வாயில் போட்டோம். போதவில்லை. தண்ணீர் குறுக்கே நேராக ஓடியது. அதை மெதுவாக நடக்கவைக்க எனக்குத் துணி வேண்டும், குளத்தின் குறுக்கே தொங்கவிட. குவாரியில் இருந்தது எண்ணெய் ஊறிய ஒரு கிழிந்த தார்ப்பாய் மட்டும்.

பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மழைக்கு ஒதுங்கக் கரைப்பக்கமாக வந்தார்கள். அக்காவும் இருந்தாள். மொட்டைக் குளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் புருசனைப் பார்த்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, படங்கக் குடு" என்றேன்.

படங்கு என்பது கொழுந்துச் செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணி. அட்டைக்கும் குளிருக்கும் அது ஒன்றுதான் அவர்களுக்குத் துணை. அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். குவாரிக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, அடியில் கல் முடிந்து, குளத்தின் குறுக்கே தொங்கவிட்டோம். ஒரு வரிசைக்கு இந்த ஓரத்தில் வழி, அடுத்ததற்கு அந்த ஓரத்தில் வழி. தண்ணீர் இனி வளைந்து வளைந்துதான் போக வேண்டும். மச்சான் இடுப்பளவுத் தண்ணீரில், கழுவின சட்டையோடு, கயிற்றைப் பிடித்து நின்றார். ஒரு கேலி இல்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதிகாரி நேரே பீலிக்குப் போனார். முதலாளி குடை பிடித்தார், நான் பின்னால் போனேன். பீலித் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் அளவுக்கு. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மழைக்கு இவ்வளவு இருக்கத்தான் செய்யும் என்றார். பிறகு குளங்களுக்கு ஏறி வந்து, தொங்கும் படங்குகளையும் மொட்டைக் கரைகளையும் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கோரையைத் திரும்ப நட வேண்டும் என்று எழுதி, அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் முதலாளி திரும்பினார். பயந்துபோனவர்களுக்கு வரும் கோபம் அது. யார் இந்தப் புல்லைப் பிடுங்கியது, யார் பிடுங்கச் சொன்னது, அவனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்று சிங்களத்தில் கத்தினார். மச்சான் தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். அக்கா படங்கில்லாமல், நனைந்த பாவாடையோடு கரையில் நின்றாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும்.

"மங் தமயி கிவ்வே" என்றேன். நான்தான் சொன்னேன் என்று அர்த்தம்.

யோசித்துச் சொன்னது என்று பெருமைப்பட மாட்டேன். மச்சான் வாய்க்குள்ளிருந்து வார்த்தை வருவதற்குள் என்னுடையது முந்திக்கொண்டது, அவ்வளவுதான். முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் முழுதாக நம்பியிருக்க மாட்டார். ஆனால் அவருக்குக் கை நீட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். இந்த மாதத்தோடு போதும் நங்கி என்றார்.

அந்த மாதம் முழுவதும் கோரை நட்டோம். மச்சான் முதல் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் சேற்றில் குனிந்தபடியே, ஏன் புள்ள அப்படிச் சொன்ன என்று கேட்டார். நீங்க வேல இல்லாம வீட்டுல குந்தியிருந்தா அக்கா என்னையில்ல கொன்னுருப்பா என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஒரு கோரைக் கொத்தை எடுத்து என் பக்கத்தில் ஊன்றிவிட்டுப் போனார். குளங்கள் இப்போது அவர் பொறுப்பில். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனால் பையை இறக்கிவைத்த கையோடு கடைக்குட்டியைப் பார்க்கத்தான் ஓடுவேன். கோரை ஆள் உயரம் நிற்கிறது. பீலி கலங்கி வருசக்கணக்காகிறது.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. வீடு கட்டும் திட்டங்களுக்கு வடிகால் வரைகிறேன். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வரைந்ததில் மழை எப்படி ஓடுகிறது என்று காலையில் போய்ப் பார்க்க எனக்கு ஒரு கரை இல்லை. யாரும் என் குளத்துக்குப் பேர் வைப்பதில்லை.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அக்கா மட்டும் வந்தாள். அந்தக் குளத்தங்கரை நாளைப் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, என் பையின் வாரைச் சரிசெய்வது மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் சத்தம் கேட்டதும்தான் பேசினாள்.

"தண்ணி இருக்கு. அவரு வேலயும் இருக்கு. ரெண்டும் வேணும்னு கேட்டேனே, விட்டுக்குடுக்க மூணாவதா ஒன்னு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேடி."

ரயில் வந்து நின்றது. பையை அவள்தான் தூக்கி உள்ளே வைத்தாள்.